பிளாப்பிக்கு வைத்த குங்குமம்

செத்துப்போன மகனின் ஒரே படத்தைப் பிரிண்ட் போட, பாப்பாயி பிளாப்பியோடு மலையிறங்கி வந்திருந்தாள். போன வருடம் படத்தை அதில் ஏற்றிக் கொடுத்தவன் காளப்பநாயக்கன்பட்டி கம்ப்யூட்டர் சென்டர் சுதாகர்தான். இப்போது படம் திறக்கவில்லை. கருப்புத் திரையில் ஹெக்ஸ்டம்ப் கட்டளையை அடித்து, கோப்புக்குள் என்னதான் இருக்கிறதென்று பார்த்தான். எஃப்6, எஃப்6 என்று ஒரே வரி; கீழே ஒரு நட்சத்திரக்குறி. கடைசிவரை அதேதான் என்று அர்த்தம். வெற்று பிளாப்பியில் இருப்பது அந்த எஃப்6. கோப்பின் பெயர் மட்டும்தான் ஏறியிருக்கிறது, படம் ஏறவே இல்லை. அன்று படம் ஏறி முடிந்து டிரைவின் விளக்கு அணையும் முன்பே பிளாப்பியை உருவியவன் அவன்தான்; படம் எடுத்த கேமராவிலிருந்தும் அப்போதே அழித்துவிட்டான்.

பிளாப்பி மேல் குங்குமம் அப்பியிருந்தது.

"ஏனுங்கம்மா, இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெள்ளிக்கிழமை தவறாம வெச்சேன் கண்ணு."

"அதாங்க படம் அழிஞ்சுபோச்சு."

பாப்பாயி தன் விரலைப் பார்த்தாள். "அப்ப நானேதான் அழிச்சுப்புட்டனா சாமி?"

"ஆமாங்க" என்றான் சுதாகர், கூசாமல்.