பொட்டு வைக்காத எண் பலகை

பழி வாங்குவதற்கு ஓர் ஏணியும் ஒரு சிட்டிகை சந்தனமும் போதும் என்று அஜந்தினி மூன்று வருடங்களுக்கு முன்னால் நினைத்திருக்கமாட்டாள். அப்போதிருந்த ஆத்திரத்துக்குத் தவராஜாவின் வீட்டு யன்னல் அத்தனையையும் கல்லெறிந்து உடைத்திருந்தாலும் காணாது. ஆனால் கல்லெறிந்தால் பொலிஸ் வரும், அவர் நல்லவராகவே இருந்துவிடுவார். அதனால்தான் பொறுத்திருந்தாள். பொறுமை என்று யாரும் அதைப் புகழவேண்டாம், அது சுத்தமான வன்மம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஹோர்சன்ஸ் நகரத்து இரும்புத் தொழிற்சாலையின் வாசலில் வெள்ளை வானை நிறுத்தினாள். தராசுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கம்பனியின் பெயர் அவளுடைய மேலங்கியில் இருந்தது. அன்றைய வேலை இரண்டு. கிரேனின் கொக்கியில் தொங்கும் தராசைச் சோதிக்கவேண்டும். சுவரிலிருக்கும் பழைய எண் பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டவேண்டும். கொக்கித் தராசு தன்னில் தொங்கும் பாரத்தை அளந்து, கம்பி எதுவும் இல்லாமல் அந்தப் பலகைக்கு அனுப்பும். கீழே நின்று கிரேன் ஓட்டுகிறவர் அந்தப் பெரிய சிவப்பு எண்ணைப் பார்த்துத்தான் மேலே தூக்குவதா, இறக்கிவிடுவதா என்று முடிவெடுப்பார். அந்தப் பலகைக்கு முன்னால் ஏழு வருடம் கிரேன் ஓட்டியவள் இதே அஜந்தினிதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், விஜயதசமிக்கு மறுநாள், முந்தின நாள் வேலை செய்தவர்கள் இரண்டு கட்டுக் கம்பியைத் தவறுதலாக ஒரே கட்டாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. தூக்கினாள். பலகையில் 2140 கிலோ என்று வந்து நின்றது. கட்டைக் கொக்கியில் மாட்டும் பட்டி மூன்று தொன் தாங்கும், பயமில்லை என்று மேலே எடுத்தாள். உண்மையில் தொங்கியது நாலரைத் தொன். பட்டி அறுந்தது. கீழே நின்று கட்டுகளை வழிப்படுத்திக்கொண்டிருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி லவன். இடது பாதத்தின் முன்பாதி போய்விட்டது.

"எண் அசையேல்லை" என்று அவள் விசாரணையில் தலையில் அடித்துச் சொன்னாள். "ரெண்டாயிரத்து நூற்றி நாப்பதிலையே நிண்டது!" யார் கேட்டது? பலகையைப் போட்டுப் பார்த்தார்கள். அது நல்ல பிள்ளைபோல வேலை செய்தது. அப்போதுதான் வேலையை மேற்பார்க்கும் போர்மன் தவராஜா பெருமூச்சு விட்டு, மனமில்லாதவர்போல வாயைத் திறந்தார்.

"பிள்ளை போன் பாத்துக்கொண்டு நிண்டது. நான் கண்டனான்."

அவ்வளவுதான், அவளுடைய கதை முடிந்தது. தவராஜா அண்ணை பொய் சொல்வாரா? கோயில் சபைத் தலைவர், அகதியாக வந்த எத்தனையோ பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர், அஜந்தினிக்கும் லவனுக்கும்கூட எடுத்துக் கொடுத்தவர். ஆஸ்பத்திரியில் லவன் கிடந்த ஏழு கிழமையும் ஒடியல் கூழும் சொதியும் காவிக்கொண்டு போனவர். அந்தக் கூழைக் குடித்துக்கொண்டுதான் லவன் தன் அக்காவிடம் கடைசியாகக் கதைத்தான்.

"உனக்குப் போன் பெரிசு. என்ர கால் பெரிசில்லை. இனி என்ர முகத்திலை முழியாதை."

முழிக்கவில்லை. மூன்று வருடம். வேலை போனதையும் ஊர்ச்சனம் முகத்தைத் திருப்பியதையும் அவள் விழுங்கிக்கொண்டாள். ஆனால் ஹேர்னிங் நகரில் மண்டபம் எடுத்து லவன் பெரியபிள்ளையான தன் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தபோது, மாமிக்காரி அவள் உயிரோடு இருக்க, மாமி முறைக்கு நின்று தண்ணீர் வார்த்தது தவராஜாவின் மனைவி. படத்தை யாரோ போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டே டெனிஷ் மொழியில் தொழில்நுட்பம் படித்து, இந்தக் கம்பனியில் சேர்ந்தாள். பயிற்சியின் முதல் கிழமையில் ஆசிரியர் அதே வகை எண் பலகை ஒன்றை மேசையில் வைத்து, வலது மூலையில் இருந்த மிளகளவு விளக்கைத் தொட்டுக் காட்டினார். கையடக்க ரிமோட்டில் ஹோல்ட் பொத்தானை அமத்தினால் பலகையில் எண் அப்படியே நின்றுவிடும், பாரம் ஏறினாலும் மாறாது, அப்போது இந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரியும் என்றார். அந்த மூலை அஜந்தினிக்குத் தெரியும். ஏழு வருடமாகப் பார்த்த மூலை. விபத்து நடந்த காலையில் அந்த இடத்தில், விளக்கு இருக்கிறதே தெரியாதபடி, மஞ்சளாக ஒரு சந்தனப் பொட்டு அப்பியிருந்தது. பின்னேரம் பரிசோதகர் வந்தபோது அது இருக்கவில்லை.

சரஸ்வதி பூசைக்கு மெசின்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது யார்? தவராஜா. ரிமோட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பது யார்? அவரேதான். ஏற்றுமதித் தாளில் எடையை எழுதுவதற்காக ஹோல்டை அமத்துவார், மற்றக் கையில் போன் இருக்கும், கோயில் சாமான் பற்றிக் கதை நடக்கும். அன்றைக்குப் பாரம் நிலத்தைவிட்டு முழுவதும் எழும்ப முன்னமே அமத்திவிட்டார். பாதிப் பாரத்தில் எண் நின்றுவிட்டது. போன் பார்த்தது யாராம்? அட பாவி மனுசா!

பதினொரு மாதம் காத்திருந்தாள். இந்தத் தொழிற்சாலையின் பெயர் சோதனைப் பட்டியலில் வந்ததும், போகவேண்டிய ஆளிடம் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டாள்.

"ஆரிது, அஜந்தினியோ?" தவராஜா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "நல்லா வந்திட்டாய் பிள்ளை. எனக்குச் சரியான சந்தோசம். பழசுகளை மனசிலை வைக்காதை, என்ன?"

"ஓம் அண்ணை" என்றாள். சிரித்தாள். இவ்வளவு அழகாகச் சிரிக்க வரும் என்று அவளுக்கே தெரியாது.

விஜயதசமி போய் மூன்று நாள்தான். வெட்டும் மெசினில் பொட்டு. வளைக்கும் மெசினில் பொட்டு. கிரேனின் தூணில் குங்குமமும் சேர்த்துப் பெரிய பொட்டு. எண் பலகையில் மட்டும் இல்லை. அவள் அதைப் பார்த்தாள், தவராஜா அவள் பார்த்ததைப் பார்த்தார், உடனே வேறு கதை கதைத்தார்.

ஏணியில் ஏறிப் பலகையின் நினைவில் இருந்த பதிவுகளைத் தன் கருவிக்கு எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முந்திய தேதியைத் தேடினாள். இருந்தது. இத்தனை நாளும் அந்தச் சுவரிலேயே இருந்திருக்கிறது, கேட்பார்தான் இல்லை. கையளவு தாளில் அதை அச்செடுத்துப் பையில் வைத்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்து சந்தனத்தை எடுத்து, வலது மூலையில், அந்த விளக்கின் மேலேயே தடிப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

சோதனை எடைக் கட்டிகள் ஒவ்வொன்றும் ஐந்நூறு கிலோ. ஒன்பது கட்டியைத் தடித்த சங்கிலியால் கட்டி நிலத்தில் வைத்தாயிற்று. சோதனை பார்க்க முதலாளி ஹென்றிக் வந்தார், மற்ற வேலையாட்களும் வந்தார்கள். களஞ்சிய மேசையிலிருந்து லவன் நொண்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. இடது காலில் பாதிப் பாதத்துக்கென்று செய்த கட்டைச் சப்பாத்து.

"ஓட்டுகிறவர் எண்ணைச் சரியாக வாசிக்கிறாரா என்றும் பார்க்கவேண்டும்" என்று ஹென்றிக்கிடம் டெனிஷில் சொல்லி, கிரேனின் கட்டுப்பாட்டைத் தவராஜாவின் கையில் கொடுத்தாள். தராசின் ரிமோட்டை அவரிடமிருந்து வாங்கித் தன் மேலங்கிப் பையில் போட்டாள்.

தவராஜா நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

"உதிலை என்னத்துக்குப் பொட்டு வைச்சனீ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பூசை முடிஞ்சு மூண்டு நாள்தானே அண்ணை. எல்லாத்துக்கும் வைச்சிருக்கிறியள், இதுக்கு மட்டும் மறந்துபோனியள். தூக்குங்கோ."

என்ன செய்வார்? பொட்டைத் துடை என்று சொன்னால் ஏன் என்று ஹென்றிக் கேட்பார். தூக்கினார். சங்கிலி இறுகியது. எண் ஏறியது. நிலத்திலிருந்து கட்டிகள் முழுவதும் எழும்ப முன்னமே அஜந்தினி பைக்குள்ளேயே ஹோல்டை அமத்தினாள். 1980. கட்டிகள் மேலே போயின. எண் போகவில்லை.

"எவ்வளவு தொங்குது அண்ணை? எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

தவராஜாவின் நெற்றியில் வியர்வை. "ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது."

லவன் அந்தக் கட்டிகளைப் பார்த்தான். களஞ்சியக்காரன், எண்ணாமல் இருக்கமாட்டான். உதடு அசைந்தது. "ஒன்பது கட்டி. நாலாயிரத்து ஐந்நூறு எல்லோ!" என்றான், யாரிடம் கதைக்கிறோம் என்பதை மறந்து.

அவள் ஏணியில் ஏறி, பெருவிரலால் பொட்டை வழித்தாள். கீழே சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ரிமோட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி ஹோல்டை விட்டாள். எண் துள்ளி 4500 ஆனது. பிறகு அந்தத் தாளை ஹென்றிக்கிடம் கொடுத்து, டெனிஷில் வாசிக்கச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முந்திய அந்தத் தேதி. பத்து நாற்பத்திரண்டுக்கு ரிமோட்டிலிருந்து ஹோல்ட், எண் 2140. பத்து ஐம்பத்தொன்றுக்கு ரிமோட்டிலிருந்து ஹோல்ட் நீக்கம்.

"பத்து ஐம்பத்தொண்டு" என்று லவன் மெதுவாகச் சொன்னான். "அம்புலன்ஸ் பதினொரு மணிக்குத்தானே வந்தது. நான் இரும்புக்குக் கீழை கிடந்தனான்." அவன் தவராஜாவிடம் போனான். அந்தப் பத்தடி நடக்க அவனுக்கு நிறைய நேரம் எடுத்தது. "எல்லா மெசினுக்கும் வருசா வருசம் பொட்டு வைக்கிறியள். என்ர கால் போனாப் பிறகு இந்த டிஸ்பிளேக்கு ஏன் அண்ணை வைக்கேல்லை?"

தவராஜா அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "சாமிப் பொட்டாலைதான் கால் போனது எண்டால் டெனிஷ்காரன் சிரிக்கமாட்டானோ? எங்கட சனத்தின்ர மானம் என்னாகிறது? அதுதான் துடைச்சனான். உனக்கு நான் ஒரு குறையும் வைக்கேல்லைத் தம்பி, நாள் தவறாமல் கூழ் கொண்டந்து தந்தனான் எல்லோ…"

"சந்தனத்தில என்ன பிழை?" அஜந்தினிக்கு இப்போதுதான் குரல் உயர்ந்தது. மூன்று வருடம் அடக்கிவைத்த குரல், கூரைத் தகட்டில் போய் அடித்தது. "பொத்தானை அமத்தினது சந்தனமோ? நான் போன் பாத்தனான் எண்டு சொன்னது சந்தனமோ? மானம் உங்களுக்கு, நொண்டிக் கால் அவனுக்கு, கெட்ட பேர் எனக்கு! நல்லாத்தான் பங்கு பிரிச்சனியள்!"

"பிள்ளை, உன்ர காலிலை விழுறன், அறிக்கையிலை எழுதிப்போடாதை. கோயிலிலை தலை நிமித்தேலாது."

"எழுதியாச்சு. அறிக்கைத் தாளுக்குக் கீழை உங்கட கையெழுத்தும் வேணும். போர்மன் வைக்கோணும் எண்டது விதி." பேனையை நீட்டினாள். "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நானும் வாறன். அங்கை நீங்களே உங்கட வாயாலை சொல்லுங்கோ. இல்லையெண்டால் ஒலிபெருக்கியிலை நான் வாசிப்பன்."

கையெழுத்துக் கோணலாக விழுந்தது. ஹென்றிக் அவரை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் போவதை அஜந்தினி கண் வெட்டாமல் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. பழைய பலகையைக் கழற்றி, புதியதை மாட்டி, தராசோடு இணைத்து, எண் சரியாக வருகிறதா என்று மூன்று தரம் பார்த்தாள்.

வானில் சாமான்களை ஏற்றும்போது பின்னால் அந்தக் கட்டைச் சப்பாத்தின் சத்தம் கேட்டது.

"அக்கா…"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள் என்று தெரியும். அழுவதற்கு அவள் வரவில்லை.

"மூண்டு வருசம் நீ என்னோடை கதைக்கேல்லை" என்றாள். "இனி மூண்டு நாளைக்கு நான் உன்னோடை கதைக்கமாட்டன். வெள்ளிக்கிழமை வீட்டை வா. மகளையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குத் தண்ணி வாக்க இனி ஏலாது. சோறாவது போடுறன்."

"அக்கா, ஒருக்கா நில்லன்…"

கதவைச் சாத்தி வானை எடுத்தாள். லவன் நொண்டி நொண்டி வாசல் வரைக்கும் பின்னால் வந்தான். பக்கக் கண்ணாடியில் அவன் கையைக் காட்டுவது தெரிந்தது, கண்ணாடி மங்கலாகவும் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான்.