பாறணைக்கு முன்

ஆஸ்பத்திரியில் ஸ்வெஸ்டர் என்கிற தாதி காலையில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர்ப் போத்தலை மகேந்திரராஜா மத்தியானத்துக்குள் கைகழுவும் தொட்டியில் ஊற்றி முடித்துவிடுவார். ஒரேயடியாக ஊற்றினால் சத்தம் வெளியே கேட்கும். ஆகையால் கிளாஸில் நிரப்பி நிரப்பித் தொட்டியின் ஓரமாகச் சரித்துவிடுவார். வெறும் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வார். ஸ்வெஸ்டர் திரும்பி வந்து, "சுப்பர், ஹெர் மகேந்திரராஜா" என்று பெயரில் இரண்டு இடத்தில் தடக்குப்பட்டுப் பாராட்டி, கட்டில் காலில் தொங்கும் தாளில் அளவை எழுதிக்கொண்டு, அடுத்த போத்தலை வைப்பாள்.

கந்தசஷ்டி விரதம் தொடங்கி இரண்டாம் நாள் அவருக்கு இருதயத்துக்குக் குழாய் விட்டார்கள். ஜெர்மனியில், ஹனோவரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில், ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மெஷினில் கொடுத்து மடிப்பது அவருடைய வேலை. அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விரிப்புக் குவியலின் மேலேயே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தொடை இடுக்கால் மெல்லிய குழாயைச் செலுத்தி, இரத்தக் குழாய்கள் படத்தில் தெரிவதற்காக ஒரு மருந்தைப் பாய்ச்சி, அடைப்பு இருந்த இரண்டு இடத்திலும் சிறிய வலைக்குழாய் வைத்தார்கள். நெஞ்சு நோ போய்விட்டது. ஆனால் அந்தப் படமருந்து சிறுநீரகத்துக்குக் கூடாது, சீனி வருத்தமான சலரோகம் உள்ள அவருக்கு இன்னும் கூடாது, நிறையத் தண்ணீர் குடித்து அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும் என்று விளங்கப்படுத்தினார்கள். அவர் "யா, யா" என்றார்.

விரதம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் அவரிடம் டொய்ச், அந்த ஊர்ப் பாஷை, இல்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவருக்கு வராது. ஊரில் கலியாணம் சொல்லப் போனால் போகிற வீடெல்லாம் தேத்தண்ணி குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேருகிற ஆள்.

அவருடைய மனைவி பாலாம்பிகை யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிடப் போட்ட அந்த்ராக் என்ற விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதலில் சம்பளம் காணாது என்றார்கள், பிறகு வீடு சிறிது என்றார்கள். பெரிய வீடு தேடிக்கொண்டிருக்கும்போது அங்கே சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். பிள்ளைகளும் இல்லை. இருவரும் சேர்ந்து செய்வதற்கென்று மிஞ்சியிருந்தது இந்த விரதம் ஒன்றுதான். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் இல்லை, பொழுதுபட்ட பிறகு ஒரு கிளாஸ் பால். அங்கே அவள், இங்கே இவர். சூரன்போர் முடிந்து, விரதம் முறிக்கும் பாறணையன்று சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு டெலிபோன் எடுப்பார். "சாப்பிட்டியே?" "நீங்கள்?" அவ்வளவுதான். ஒரு மேசையில் இருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். தான் இங்கே தண்ணீர் குடித்தால் அவள் அங்கே தனியாகப் பட்டினி கிடக்கிறாள் என்றாகிவிடும் என்று நினைத்தார். நெஞ்சு வருத்தம் பற்றி அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டில் கிழவருக்கு ஒவ்வொரு நாளும் ஆட்கள் வருவார்கள். மகள், மருமகன், சீட்டு விளையாடும் கூட்டாளிகள். கதிரை போதாமல், இவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டி, "இது தேவையா?" என்று கேட்பார்கள். தேவையில்லை என்று கையைக் காட்டுவார். போகும்போது மறக்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இரத்தம் சோதித்த இளம் பெண் டொக்டர் வந்து, தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிறுநீர் நன்றாகக் குறைந்துவிட்டது, இரத்தத்தில் கழிவு ஏறிக்கொண்டே போகிறது என்றார்.

"இவ்வளவு தண்ணீர் குடித்தும் இப்படி ஏறுகிறதென்றால் சிறுநீரகத்தில் முன்பே வேறு ஏதோ நோய் இருக்க வேண்டும். ஊசி போட்டு ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்க்க யோசிக்கிறோம். அதற்கு இரத்தம் உறையாமல் தருகிற மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் புது வலைக்குழாய்கள் அடைபடலாம். பார்க்காமல் விட்டால் டயாலிசிஸ் மெஷினில் போய் முடியலாம். நீங்கள் குடித்தீர்கள்தானே?"

"யா" என்றார்.

டொக்டர் போனதும் எழுந்து, அன்றைய போத்தலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். ஊற்றிக்கொண்டு நிற்கும்போது கதவு திறந்தது. ஸ்டேஷன் என்று சொல்லும் அந்த வார்டைத் துப்புரவு செய்யும் கொறற்றி, மன்னார்ப் பெண், வாளியோடு நின்றாள்.

"என்ன அண்ணை, பூக்கண்டுக்கோ ஊத்திறியள்?"

"மெல்லக் கதை பிள்ளை."

"ஆருக்கு விளங்கப்போகுது? இந்த ஸ்டேஷனில தமிழ் எண்டு நீங்களும் நானும்தான். ஏன் குடிக்காமல் ஊத்திறியள்?"

"கந்தசஷ்டி."

"விரதமோ! அறுத்துத் தைச்ச நெஞ்சோடையோ?"

"அறுக்கேல்லை. குழாய்தான் விட்டவை."

"ஓ, அப்ப பிரச்சினையில்லை. ஊத்துங்கோ, ஊத்துங்கோ." தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். "எங்கட தவக்காலத்தில வருத்தக்காரர் ஒறுக்கத் தேவையில்லை எண்டு பாதரே சொல்லிப்போடுவார். உங்கட முருகனிட்ட அப்பிடி ஒரு ஏற்பாடும் இல்லையோ?"

"முருகன் ஒண்டும் சொல்லமாட்டார்."

"பிறகென்ன?"

மகேந்திரராஜா கட்டிலில் வந்து இருந்தார். மனைவி அம்பிகையைப் பற்றிச் சொன்னார். டொக்டர் சொன்னதையும் சொன்னார். அவ்வளவு தமிழை அவர் ஒரேயடியாகப் பேசிக் கனகாலம். தொண்டை காய்ந்து இரண்டு தரம் நிறுத்த வேண்டியிருந்தது.

கொறற்றி சிரிப்பை விட்டுவிட்டாள்.

"அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் எண்டு தெரியுமோ?"

"இல்லை. அது தனிய இருந்து யோசிக்கும்."

"அப்ப அக்காவுக்கும் பொய், டொக்டருக்கும் பொய். நடுவில விரதம் மட்டும் சுத்தம்." வாளியைத் தூக்கினாள். "அண்ணை, டொக்டரிட்ட நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ? எனக்கு டொய்ச் வடிவா வராது. தெரிஞ்ச சொல்லையெல்லாம் சேத்துச் சொல்லிப்போடுவன். பிறகு உங்களைக் கொண்டுபோய் விசர் ஆஸ்பத்திரியில விட்டாலும் விட்டிடுவினம்."

அவரே மணியை அழுத்தினார். டொக்டர் வந்தார்.

"தண்ணீர் குடிக்கவில்லை" என்றார் மகேந்திரராஜா. "கடவுளுக்காக. எல்லாம் அங்கே" என்று தொட்டியைக் காட்டினார்.

"எல்லாமா?"

"எல்லாம்."

டொக்டர் கோபிக்கவில்லை. அந்தக் கதிரையை இழுத்து இருந்தார். மகேந்திரராஜாவிடம் வந்து அதில் இருந்த முதல் ஆள் அந்த டொக்டர்தான். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே தொடங்கியதா, இரவில் என்ன குடித்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு, தாளில் இருந்த அளவுகளை எல்லாம் குறுக்கே வெட்டினார். ஊசி இப்போது தேவையில்லை, மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம் என்றார். வறண்ட உடம்பில் படமருந்து போனதால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது. பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் இன்னும் வறண்டால் வராமலும் போகலாம்.

"சேலைன் ஏற்றுவோம். அது மட்டும் போதாது. வாயாலும் குடிக்க வேண்டும், இன்றைக்கே."

சேலைன் ஏறியது. நரம்பால் போவது விரதத்தில் சேராது என்று வைத்துக்கொண்டார். ஆனால் மேசையில் நிரப்பி வைத்த கிளாஸ் அப்படியே இருந்தது. ஒரு தரம் எடுத்து உதடு வரைக்கும் கொண்டுபோய்த் திரும்ப வைத்தார். பக்கத்துக் கட்டிலில் சீட்டுக் கூட்டாளிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கதிரையைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள்.

காற்சட்டைப் பையிலிருந்து டெலிபோன் கார்டை எடுத்தார். கட்டிலோரத்து டெலிபோனில் நம்பர்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். லைன் கிடைக்காது என்றுதான் நினைத்தார். கிடைத்தது.

"நான்தான்."

"என்ன இப்ப எடுக்கிறியள்? நான் சூரன்போருக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறன். பாறணை நாளைக்கல்லோ?"

சொன்னார். சலவை மெஷின், குழாய், சிறுநீரகம், போத்தல் எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே சொன்னார்.

"அம்பிகை, கேக்குதே?"

"கேக்குது." மூக்கை உறிஞ்சினாள். "பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"ஆக்கள் இருக்கினம்."

"ஆர்?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு கிழவன்."

"நல்ல ஆக்கள்தான். தண்ணி கிட்ட இருக்கே?"

"இருக்கு. நீ அங்க வெறும் வயித்தோட…"

"நான் ரெண்டு பேருக்கும் சேத்து விரதம் பிடிக்கிறன். நீங்கள் குடியுங்கோ."

"ஓம், குடிக்கிறன். நீ கோயிலுக்குப் போயிட்டு வா."

"உந்த ஓம் எனக்கு வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும், ஓம் எண்டிட்டு ஊத்திற ஆள். போனைத் தொண்டைக்குக் கிட்டப் பிடியுங்கோ. எனக்குச் சத்தம் கேக்கவேணும்."

டெலிபோனைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு குடித்தார். முதல் மிடறு நெஞ்சுக்குள் குளிர்ந்து இறங்கியது.

"கேக்குதே?"

"கேக்குது. இன்னும்."

இரண்டாவது மிடறு. மூன்றாவது.

"இப்ப?"

லைன் விழுந்துவிட்டிருந்தது. திரும்ப அழுத்திப் பார்த்தார். இந்த இலக்கத்துக்குத் தொடர்பு இல்லை என்று ஒரு பெண் பதிவுக் குரல் பணிவாகச் சொன்னது. அதையே காதில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார். பிறகு அடுத்த கிளாஸை நிரப்பினார்.