கலந்து எண்ணிய ஓட்டு

அறுபத்தேழு தேர்தலில் ஒவ்வொரு ஊர்ப் பெட்டியையும் தனித்தனியாக எண்ணினார்கள். முசரவாக்கத்துக்கு அப்பால் இருந்த அம்சவேணியின் ஊர், ஜெயித்தவருக்கு ஓட்டுப் போடவில்லை என்பது அன்றைக்கே காஞ்சிபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிணற்று மோட்டாருக்காக நட்டுக்கொண்டு வந்த மின்கம்பங்கள், ஜெயித்தவர் சொல்லி, பக்கத்து ஊரோடு நின்றன. அம்சவேணியின் நெல் பால் பிடிக்கும் முன்பே கருகியது. அவள் கணவன் பழனி கல் உடைக்கப் போனான்.

இதைக் கேட்டுக் கொதித்தவர் வக்கீல் கலியாணசுந்தரம். எல்லாப் பெட்டிச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகே எண்ண வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் நடந்த கூட்டத்தில் அம்சவேணியை மேடையேற்றினார். அவள் கருகிய பயிரைப் பற்றிச் சொல்லி அழுதாள். டில்லிக்கு மனு போயிற்று. எழுபத்தொன்றில் அப்படியே விதி வந்தது.

"இனி உன் ஓட்டு எதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாதும்மா" என்றார் வக்கீல்.

அந்தத் தேர்தலில் அவரே நின்றார். கம்பம் ஊருக்குள் வராமல் தடுத்தவரின் கட்சியில்.

ஓட்டுக்கு முதல் நாள் கட்சிக்காரர்கள் ஊரை மாரியம்மன் கோயிலில் கூட்டினார்கள். எரியும் கற்பூரத்தின்மேல் கைவைத்து, வக்கீலுக்கே போடுவதாக ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டும். அம்சவேணி நேரே வக்கீலிடம் போனாள்.

"யாருக்குப் போட்டோம்னு தெரியக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா சொல்லிக்கினு இருந்தீங்க?"

"ஆமாம்மா. இப்போ எங்களுக்குத் தெரியாதே. அதான் சத்தியம் கேக்கறோம். கரண்டு வேணுமா, வேணாமா?"

அவள் கையை நீட்டவில்லை. பழனி அவளை ஒதுக்கிவிட்டு, மகளின் தலையில் கைவைத்துத் தனக்கும் அவளுக்கும் சேர்த்துச் சத்தியம் செய்தான். குழந்தைக்கு அம்மை இறங்கிய நேரம் அது.

மறுநாள் ஓட்டுச்சாவடி மறைவுக்குள் அவளைப் பார்க்க யாரும் இல்லை. முத்திரையை எதிர்ச் சின்னத்துக்கு நேரே கொண்டுபோனாள். மகளின் முகத்து வடுக்கள் நினைவில் வந்தன. கை நகர்ந்தது. வக்கீலின் சின்னத்தில் குத்திவிட்டு வெளியே வந்தாள்.

வக்கீல் ஜெயித்தார். கரண்டு வரவில்லை. கேட்கப் போன பழனியிடம், "உங்க ஊர் எனக்குத்தான் போட்டுதுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாராம்.

அதை வந்து சொன்னபோது அம்சவேணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியாட்டி போவுது. யாருக்குக் குத்தினேன்னு எனக்குத் தெரியுதே" என்றாள்.

பழனி அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டான். அவள் அவனை எழுப்பிக் கூப்பிடவும் இல்லை.