வெள்ளை விரிப்புகளும் சிட்டுவின் இருமலும்

அன்று காலை அந்தச் சலவைக்கடைக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: கடைக்கும் வீட்டுக்கும் தலைவரான பெரியவர், அவருடைய மருமகள், மருமகளின் மூன்று வயது மகள் சிட்டு, வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய தேய்ப்புக்காரர், விரிப்புகளைப் பார்வையிட வந்த ஓட்டல் அம்மாள். பெரியவரின் மகன் வண்டியோடு வெளியே போயிருந்தான். வேறு ஒருவரும் இல்லை. நேரில் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் சேர்த்தால் அந்தக் கடை கொள்ளாது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடை முன்னால், வீடு பின்னால். தெருவுக்கு ஒரே வாசல். அந்த வீட்டில் ஒரு விதி உண்டு: வாடிக்கையாளர் துணி வீட்டார் உடம்பில் படக்கூடாது. மழையில் நனைந்து வந்தாலும் தலை துவட்ட ஒரு துண்டை எடுக்க மாட்டார்கள். பெரியவர் அந்தக் கண்டிப்பை உடம்பிலேயே போட்டுக்கொண்டு திரிந்தவர். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருப்பார். வெறும் பனியனோடு அவரை மருமகள்கூடப் பார்த்ததில்லை.

சிட்டுவுக்குச் சளி பிடித்திருந்தது. மருமகள் வெதுவெதுப்பான தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுத்து, படுக்க விடாமல் தோளில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். விடியும்போது இருமலின் குரல் மாறிவிட்டது. கரகரவென்று, குரைப்பதுபோல.

“மாமா, டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடறேனே. தெருமுனைதானே.”

“ஓட்டல்காரம்மா இப்ப வாசலுக்கு வர்ற நேரம், வந்துட்டுப் போயிடட்டும்மா. அதுவரைக்கும் கொதிகலன் ரூம்ல வெச்சுக்கோ. நீராவி பட்டா சளி இளகும். இந்த வீட்ல பொறந்ததுங்க எல்லாம் அப்படி வளந்ததுதான்.”

அதை அவர் மனதார நம்பினார். கொதிகலன் இரைச்சலில் இருமல் வெளியே கேட்காது என்பதையும் நினைத்தார். அதை மட்டும் சொல்லவில்லை. மருமகளுக்குச் சொல்லாமலே புரிந்தது. ஓட்டல் வேலை போனால் பாதிக் கடை போன மாதிரி. இருமுகிற வீட்டில் துவைத்த விரிப்பில் எவன் படுப்பான்? அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓட்டல் அம்மாள் அவசரமில்லாதவர். விரிப்பை விரித்தார், வெளிச்சத்தில் பிடித்தார், ஓரத்தைத் தடவினார், முகர்ந்தார். பெரியவர் கஞ்சிப் பதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாய்தான் பேசியது. காது முழுக்க அந்தச் சாத்திய கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரைச்சலையும் மீறி இருமல் வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் அவர் தன் குரலை ஒரு படி உயர்த்தினார்.

“நாய் வளக்கறீங்களா?” என்றார் அந்த அம்மாள், விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “துணி துவைக்கிற எடத்துல நாய் கூடாதே.”

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டார்.

“ஐயோ, அது பக்கத்து வீட்டு நாயிம்மா. ராத்திரி பூரா எங்க உசுர வாங்குது. அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, இப்பத்தான் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி!”

அம்மாள் சிரித்தார். ரேடியோ காப்பாற்றிவிட்ட பெருமையில் பெரியவரைப் பார்த்துக் கண்ணடித்தார். பெரியவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தன் குடும்பத்தை ஒரு சொல் சொன்னவனோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த மனுஷர். இன்று தன் பேத்தியை நாய் என்கிறார்கள், அவர் விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டு நிற்கிறார்.

இருமல் நின்றது.

பெரியவர் மடிப்பை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருமலைத் தேடினார். இரைச்சலுக்கு அடியில் வேறு ஏதோ கேட்டது. துருப்பிடித்த கீலைத் திறப்பதுபோல ஒரு கீச்சொலி, இழுத்து இழுத்து. அடுத்த கணம் கதவு திறந்தது. நீராவி மூட்டத்துக்குள்ளிருந்து மருமகள் வந்தாள். முகமெல்லாம் வேர்த்து வழிந்தது.

“மாமா, மூச்சு உள்ள இழுக்கறப்போ சத்தம் வருது. கழுத்துக்குழி உள்ள போகுது பாருங்க. இனிமே நான் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்.”

சிட்டுவின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் துருத்திக்கொண்டு தெரிந்தன. கண்கள் தாத்தாவையே பார்த்தன. அழக்கூட அவளுக்கு மூச்சு மிச்சமில்லை.

“குடு இங்க” என்று வாங்கிக்கொண்டார். கவுன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே குளிர்காற்று. ரேடியோ பதறிப்போய் மேலே கிடந்த ஓட்டல் விரிப்பை உருவி நீட்டினார்.

“அத வைய்யா!”

அப்படி ஒரு குரலை ரேடியோ அதுவரை கேட்டதில்லை. பெரியவர் ஒரு கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு மறுகையால் சட்டையை இழுத்தார். பொத்தான்கள் தெறித்துத் தேய்ப்பு மேசைக்கு அடியில் உருண்டன; சட்டை சிட்டுவைச் சுற்றிக்கொண்டது. ஓட்டல் அம்மாள் திகைத்துப் போய் நின்றார்.

“அது நாய் இல்லம்மா. என் பேத்தி” என்றார் பெரியவர். “விரிப்ப எடுத்துட்டுப் போறதும் விட்டுட்டுப் போறதும் உங்க இஷ்டம். வழிய விடுங்க.”

அந்த அம்மாள் வழி விட்டதோடு நிற்கவில்லை. ஓடிப்போய் வாசல் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

தெரு முழுக்கக் கடை திறந்து ஆட்கள் நின்ற நேரம். பனியனோடு பெரியவர் நடந்தார். நடந்தார் என்பதைவிட ஓடினார். மருமகள் பக்கத்திலேயே ஓடிவந்து குழந்தையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகத்தில் குளிர்காற்று பட்டதும் சிட்டு ஒருமுறை குரைத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தொண்டைக்குள் வீக்கம் என்றார் டாக்டர். மருந்து கொடுத்து, பிற்பகல் வரை அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாமே” என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

“அவ அப்பவே சொன்னா. நான்தான் விடல” என்றார் பெரியவர்.

மருமகள் தன் துப்பட்டாவை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். அவர் அதைச் சரிசெய்யாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் அன்று ஓட்டல் விரிப்பில் பேத்தியைச் சுற்றிக்கொண்டு ஓடினார் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். சுற்றியது அவருடைய சட்டை. ரேடியோ உருவி நீட்டியதை மட்டும் மறுபடி துவைத்த பிறகு, விரிப்புகள் எல்லாம் ஒன்றும் குறையாமல் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன.