முகம் வராத படம்

சலேக்காவிடம் மகளின் புகைப்படம் இல்லை. பிறப்புச் சான்றும் இல்லை. அடிமைக்குப் பிறந்த பிள்ளைக்கு யார் சான்று எழுதி வைப்பார்கள்? மகளை எஜமானின் கூடாரத்திலேயே விட்டுவிட்டு அவள் தலைநகர் நுவாக்சோத்துக்குத் தப்பி ஓடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. போலீஸ்காரர்கள் இரண்டு தடவை எஜமானின் கூடாரத்துக்குப் போனார்கள். "அப்படி ஒரு பொண்ணே இங்க கெடையாது" என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

"ஏதாவது அடையாளம் குடுக்கா. வெறும் பேர வச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது?" என்றான் அடிமைகளை மீட்கும் விடுதலைச் சங்கத்தில் மனு எழுதும் உபைத்.

அன்று மதியமே ஒரு சிமெண்ட் பையைக் கிழித்து, தாளை மணலில் விரித்தாள். தேநீர் அடுப்பிலிருந்து ஆறிப்போன கரித்துண்டு ஒன்றை எடுத்தாள். பிறந்ததிலிருந்து எதையும் வரைந்தவள் இல்லை.

முகத்தில் ஆரம்பித்தாள். வட்டம் வந்தது. கண் வரவில்லை. விடியுமுன் ஆடுகளோடு போய், இருட்டிய பின் திரும்பியவள், மகளின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் எத்தனை நாள் பார்த்திருப்பாள்? மேய்ச்சல் மேட்டிலிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கிணற்றடியிலிருந்து தண்ணீர்த் தோல்பை சுமந்து போகும் ஒரு சின்ன முதுகுதான்.  மூன்று தாள்களைக் கசக்கி எறிந்தாள்.

பக்கத்துக் குடிசை சைனபு எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, ஆடா ஒட்டகமா?"

"எம்பொண்ணு ஸைதா."

"அடி ஆத்தே! இதக் காட்டினா போலீசு ஆட்டத்தான் புடிச்சிட்டு வரும்."

சலேக்கா சிரிக்கவில்லை. நாலாவது தாளில் முகத்தை விட்டுவிட்டு முதுகிலிருந்து தொடங்கினாள். கை தானாக ஓடியது. பிள்ளையைவிடப் பெரிய தோல்பை. நெற்றியை வெட்டும் பையின் வார். கிணற்றடியில் விழுந்து ஒடிந்து, உள்பக்கமாகத் திரும்பிப்போன இடது பாதம். அவளுக்குப் பின்னால் தன்னை வரைந்தாள். தனக்குப் பின்னால் செத்துப்போன தன் தாயை வரைந்தாள். மூன்று பேருக்கும் ஒரே கூன். கரி ஒடிய ஒடியப் புதுத்துண்டு எடுத்தாள். சைனபு முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அப்படிச் சுமந்தவள்தான்.

காவல் நிலையத்து அதிகாரி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "முகத்தையே காணோமே, எங்க போய்த் தேட? இப்படித் தண்ணி சுமக்கிற பொண்ணுங்க நூறு இருக்கும்."

"நூறு பேரையும் கூட்டிட்டு வாங்கய்யா. எம்மவள நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

வெளியே போ என்றார். போனாள், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து வெயிலில் உட்கார்ந்தாள். மூன்று நாள் விரட்டினார்கள். மூன்று நாளும் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் பால் விற்றுக்கொண்டு போன ஒருத்தி நின்றாள். படத்தின் அருகே குந்தி, அந்த இடது பாதத்தை விரலால் தொட்டாள்.

"இந்தக் காலுக்கு நான்தானே கட்டுப்போட்டேன்! நீ... சலேக்காவா?"

அதே கூடாரத்தில் இருந்த தக்பர். போன வருஷம் ஓடிவந்தவள். எஜமான் மகளின் கல்யாணத்தில் சீதனத்தோடு சீதனமாக ஸைதாவைத் தூரக் கிழக்கே இருக்கும் நேமா என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

சலேக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக் கேட்டாளா?"

"கேட்டா. மொத வருஷம் தெனமும் கேட்டா." தக்பர் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்புறம் கேக்கல."

சாட்சி கிடைத்ததும் உபைத் அதிகாரியை விடவில்லை. தக்பரின் வாக்குமூலத்தில் கைரேகை வாங்கி வழக்கைப் பதிய வைத்தான். சலேக்காவையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் லாரியில் பயணம் செய்து நேமா போனான். அங்கே காவலர்கள் வண்டியோடு வந்தார்கள்.

எஜமான் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் பின்கட்டில் காலை இழுத்து இழுத்து ஒரு பெண் தண்ணீர் சுமந்து வந்தாள். பத்து வயதிருக்கும். சலேக்கா ஓடிப்போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். அந்தக் கண்களில் தன்னைத் தெரிந்த குறியே இல்லை. பெண் பதறி விலகி, வீட்டு எஜமானியின் பின்னால் போய் ஒளிந்தாள்.

"ஸைதா, நான் உன் அம்மாடி."

"எங்கம்மா ஆட்டோட போயிட்டாங்க" என்றது குழந்தை.

காவலர்கள் அவளைத் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. தாயின் மடிக்கு வராமல் பின்பலகை ஓரமாக ஒடுங்கிக்கொண்டு வழியெல்லாம் அழுதாள்.

"இன்னும் ரெண்டு நடை தண்ணி பாக்கி. எஜமானியம்மா அடிப்பாங்க. என்ன எறக்கி விடுங்க."

சலேக்கா கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பார்த்துக் குழந்தை தலையை மறைத்துக்கொண்டது. அதன் பிறகு சலேக்கா கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.