சிலைக்கு ஒரு நிறுத்தம்

நாங்கள் தைக்கும் சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திடீரென்று எங்கள்மேல் பாசம் பொங்கியது. தொழிலாளியைக் கௌரவிக்கப் போகிறார்களாம். வேலை நேரத்தைக் குறைத்து அல்ல, சிலை வைத்து.

சிற்பி வந்தார். காலர் தைக்கும் என் அக்காவைப் பார்த்து, "அடடா, என்ன ஒரு களைப்பு!" என்று சொக்கிப்போனார். களைப்பு ரசிக்கிற சாமானா? பஸ்ஸுக்குக் கைகாட்டி நிற்கச் சொல்லி ஐம்பது படம் எடுத்துக்கொண்டு போனார்.

சிலையை ஆலை வாசல் பஸ் நிறுத்தத்திலேயே வைத்தார்கள். நிழற்குடையைப் பிடுங்கிவிட்டுப் புல்தரை போட்டார்கள். புகை பட்டால் வெண்கலம் கறுத்துவிடுமென்று, போக்குவரத்து அலுவலகம் நிறுத்தத்தையே தூக்கி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் போட்டது. இந்த மூளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டலாம்.

அக்காவுக்கு ஏழு மாதம். பஸ்ஸை விட்டு இறங்கி, மேம்பாலம் ஏறி வருவதற்குள் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று முறை தாமதமானால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவளுக்கு இரண்டு முறை ஆகிவிட்டது.

நிறுத்தத்தைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லி, மனுவோடு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அது கலைம்மா. உங்களுக்கெல்லாம் புரியாது."

"சிலையா நிக்கிறதே எங்க அக்காதான் சார்."

"அப்ப சந்தோஷப்படுங்க."

மறுநாள் பனிமூட்டம். அந்தத் தடத்துக்குப் புதிதாக வந்த டிரைவர், சிலையை ஆளென்று நினைத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். "சீக்கிரம் ஏறும்மா, எவ்வளவு நேரம் நிப்பே?" என்று அதை அதட்டவும் செய்தார். பஸ்ஸே சிரித்தது. அந்த இடைவெளியில் அக்கா இறங்கி, கதவு சாத்துமுன் உள்ளே போய்விட்டாள்.

டிரைவருக்கு மெமோ கொடுத்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் 'இங்கே பஸ் நிற்காது' என்று பலகையும் வைத்தார்கள். அதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

வியாழக்கிழமை அக்கா நான்கு நிமிடம் தாமதம். வேலை போயிற்று.

அடுத்த வாரம் சிற்பி அவளுக்குப் போன் செய்தார். விஷயம் கேட்டு மனசே உடைந்துவிட்டதாம். உடைந்த மனசோடு அடுத்த சிலைக்கும் பெயர் வைத்துவிட்டார்: 'வேலை இழந்தவள்'.

"ஒருநாள் வந்து சும்மா உட்கார்ந்தா போதும்மா."

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாமென்று பாய்ந்தேன். அக்கா கொடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"அங்க பஸ் நிக்குமா சார்?"

"ஆஹா!" என்றார் அவர். "இதையே தலைப்பா வச்சிடலாம்மா."