ஏக்கத்தில் கிளம்பும் பிக்கப்

எங்கள் ஊரில் மார்கழியிலும் தையிலும் டீசல் வண்டிகள் ஏக்கத்தில்தான் கிளம்பும். மலை மேல் இருக்கிற ஊர். விடியும்போது கேரட் தோட்டமெல்லாம் உறைபனி விழுந்து வெளுத்துக் கிடக்கும். டேங்கில் இருக்கிற டீசல் நெய் மாதிரி கட்டியாகிவிடும். சாவியைப் பாதி திருப்பினால் டேஷ்போர்டில் சுருள் படம் போட்ட விளக்கு மஞ்சளாக எரியும். மற்ற ஊர்களில் அது சற்று நேரத்தில் தானாக அணையும் என்கிறார்கள். இங்கே பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, தன்னால் இருக்க முடியாமல் போன ஒரு வெயிலூரை மனதார நினைத்தால்தான் அணையும். அணைந்த பிறகு செல்ஃப் அடிக்கலாம்.

வெந்நீர் ஊற்றிப் பார்த்தவர்கள் உண்டு. வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைக் கொளுத்திச் சூடு காட்டியவர்களும் உண்டு. பம்பர் கருகியதுதான் மிச்சம்.

அதனால் எங்கள் ஊரில் மாற்றலாகி வருகிறவர்களுக்கு நல்ல மரியாதை. வேலூரிலிருந்து வந்த கணக்கு வாத்தியாரைப் பனிக்காலம் முழுக்க ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மனிதர் வேலூரை நினைத்து நினைத்து ஓய்ந்துபோவார். பெண் பார்க்கப் போகிற டிரைவர்கள் ஜாதகத்தோடு அந்த ஊர் வெயிலையும் விசாரித்துக்கொண்டு வருவார்கள். பக்கத்து மலையில் பெண் எடுத்தவன் தை முடியும்வரை மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டியதுதான்.

நான் தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளத்தை ஒட்டிய ஒரு ஊரில் எடுத்தேன். கல்யாணத்தன்று கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது உள்ளங்கால் வெந்துபோனது. என் அப்பாவுக்குப் பரம திருப்தி. நல்ல இடம்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். நான் பார்த்தது வெயிலை மட்டுமல்ல. ஜெசிந்தா சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மலைக்கு வந்த முதல் பனிக்காலத்தில் அவள் வண்டியில் ஏறி உட்காரும்போதே விளக்கு அணைந்துவிடும். டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

"உப்பைக் குவிச்சு வச்சிருக்க இடத்துல நின்னா கண்ணே கூசும். அப்பா பதநீ வாங்கிட்டு வருவாவ. இந்நேரம் எங்கூர்ல எல்லாரும் வேர்த்து வடிஞ்சுக்கிட்டு இருப்பாவ."

இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்திருக்கும். எங்கள் தெருவில் அப்படி ஒரு ஏக்கத்தை யாரும் பார்த்ததில்லை. வண்டி கிளம்புகிறதே என்று எனக்குச் சந்தோஷம். அவள் கண் கலங்கித்தானே கிளம்புகிறது என்று வருத்தம். இரண்டையும் கியர் மாதிரி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் போவேன்.

இந்த மார்கழியில் ஒரு நாள் விளக்கு அணையவில்லை. ஜெசிந்தா பதநீ சொன்னாள், உப்பு சொன்னாள், கடல் சொன்னாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பின்னால் கேரட் மூட்டைகள் ஏற்றியபடி நின்றன.

மெக்கானிக் காசிம் பாயைக் கூட்டி வந்தேன். அவர் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எப்படி இருக்காங்க நேசன்?"

"நல்லா இருக்காங்க பாய்."

"பாட்டு கீட்டு பாடுறாங்களா?"

"பாத்திரம் தேய்க்கும்போது பாடுறாங்க."

பாய் பானெட்டை மூடினார். "அப்போ இன்ஜின்ல கோளாறு ஒண்ணும் இல்ல."

ஜெசிந்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "நான் என்ன செய்யட்டும்? ஊரை நெனைக்கத்தான் செய்யுதேன். மனசால அங்க போய்ச் சேர்ந்ததும், நம்ம தோட்டத்துல இப்ப பனி எப்படி விழுந்திருக்கும்னு நெனப்பு வந்துருது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீடு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் கேரட் அழுகிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர்கள் வந்து வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெருவில் வேறு பிக்கப் இருந்தாலும், கீழே மார்க்கெட்டுக்கு அவர்கள் சரக்கைக் கொண்டுபோனது என் வண்டிதான்.

ஏக்கம் குறைந்த மனைவியைக் கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். போய் வெயிலில் இருந்துவிட்டு வந்தால் ஏக்கம் புதிதாக ஏறிவிடும். எல்லோரும் ஐப்பசியிலேயே அனுப்பிவிடுவார்கள். நான் ஒரு வருடமும் அனுப்பியதில்லை. அவள் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்த முறை வேறு வழி தெரியவில்லை. நடுப் பனிக்காலத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். அந்த பஸ்ஸைக் கிளப்புவதற்கு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் முன் சீட்டிலேயே நிரந்தரமாக இருக்கிறார். அவர் நினைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியது.

மறுநாள் விடியலில் பழக்கதோஷத்தில் பிக்கப் கதவைத் திறந்தேன். அவள் உட்காரும் சீட்டில் ஒரு ஹேர்பின் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவே இல்லை. இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது.

"வெயிலூரை நெனச்சாத்தான்னு இல்ல போல," என்றார் காசிம் பாய். "நெனைக்கிற ஆள் வெயிலூர்ல இருந்தாலும் சரிதான்."

அதற்குப் பிறகு என் வண்டிக்கு ஈடில்லை. முன்பு செகண்ட் கியரில் திணறிய கொண்டை ஊசி வளைவுகளைத் தேர்டில் ஏறியது. மற்ற டிரைவர்களும் காலையில் வந்து கூப்பிட்டார்கள். "அண்ணே, ஒரு நிமிஷம் நம்ம வண்டியில உக்காந்துட்டுப் போங்க." நான் உட்கார்ந்து ஜெசிந்தாவை நினைத்துவிட்டு இறங்குவேன். கணக்கு வாத்தியாருக்கு ஓய்வு கிடைத்தது. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என்னால் ஊரெல்லாம் லோடு இறங்கியது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவள் திரும்பி வரவேண்டிய நேரத்தில் அவள் அண்ணன் ரெமிஜியூஸ் போன் செய்தார். அவரிடம் உப்பு ஏற்றுகிற பழைய லாரி ஒன்று இருக்கிறது. அந்த ஊர் வெயிலில் கொஞ்ச தூரம் போவதற்குள் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும்.

"மாப்ள, கோவிச்சுக்கிடாதிய. தங்கச்சி பக்கத்துல உக்காந்து உங்க வீட்டையும் பனியையும் நெனச்சுக்கிட்டே வாராளா, லாரி கொதிக்கவே மாட்டேங்கு. சூடு காட்டுற முள்ளு கீழயே கெடக்கு. கண்ணாடியெல்லாம் பனி படிஞ்சு, தொடச்சுத் தொடச்சுல்லா ஓட்டுதேன். இந்த லோடு முடியட்டும், அனுப்பிருதேன்."

நியாயமான வேண்டுகோள்தான். போனை ஜெசிந்தாவிடம் கொடுத்தார்.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"வண்டி?"

"நல்லா ஓடுது. ஒரே செல்ஃப்."

"இங்க லாரியும் நல்லாத்தான் ஓடுது."

இரண்டு வண்டியும் நன்றாக ஓடுகிற குடும்பத்தில் குறை என்று எதைச் சொல்வது?

அந்த லோடு முடிந்து அடுத்த லோடு வந்தது. பிறகு அதற்கும் அடுத்தது. ஒரு நாள் காலையில் எதிர்வீட்டுப் பெருமாளின் வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். என் வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. நான்தான் பூட்டியிருந்தேன். இருந்தாலும் அதைப் பார்க்க முடியவில்லை. பிக்கப்பில் இருந்த மூட்டைகளை இறக்கி வைத்தேன். எங்கே என்று காசிம் பாய் கேட்டார். சொன்னேன்.

"கிட்டப் போகப் போக ஏக்கம் குறையும். பார்த்து ஓட்டுங்க."

"கீழே வெயில்தானே பாய். டீசல் போதாதா?"

"இந்த வண்டிக்கா? உங்க ஏக்கத்துலயே ஓடிப் பழகிருச்சு. இனிமே எந்த ஊரானாலும் வெறும் டீசல் அதுக்குப் போதாது."

மதுரை வரைக்கும் வண்டி பறந்தது. எட்டயபுரம் தாண்டியதும் இழுவை குறைந்தது. அவள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. என்னை அடையாளம் தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் வந்துவிட்டன. அவள் ஊர்தான். பொய்யாக நினைக்க மனம் ஒத்துழைக்கவில்லை. உப்பளத்து நடுவே மண் ரோட்டில் வண்டி நின்றது.

எதிரே தூரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. முன்பக்கத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ரெமி மச்சான் குதித்து இறங்கி பானெட்டைத் தூக்கினார்.

"ஏ தங்கச்சி, மாப்ளயப் பாக்காத! கொதிக்கு!"

ஜெசிந்தா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆவி அடங்கியது. மறுபடியும் என்னைப் பார்த்தாள். மறுபடியும் கொதித்தது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கி நடந்தால் அவள் கிடைப்பாள், இந்த வண்டி இனி ஓடாது. தோட்டக்காரர்கள் என்னை நம்பிக்கொண்டு மேலே காத்திருக்கிறார்கள். இப்படியே திரும்பிவிட்டால் வண்டி ஓடும். வாழ்நாள் முழுக்க ஓடும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அவளும் லாரியிலிருந்து இறங்கியிருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். வழியில் ஓரிடத்தில் இருவரும் சேர்ந்தோம்.

"எளச்சிட்டியளே," என்றாள்.

நான் ஹேர்பின்னைக் கொடுத்தேன். வாங்கித் தலையில் செருகிக்கொண்டாள். மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அப்போது பின்னால் செல்ஃப் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். ஆளில்லாத பிக்கப் கிளம்பி, ரிவர்ஸில் வந்து, பாத்தி வரப்பில் ஏறிவிடாமல் பதமாகத் திரும்பியது. இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு வந்த வழியே போனது.

"அதுக்கு வீட்டு நெனப்பு வந்துருச்சு," என்றாள் ஜெசிந்தா.

ரெமி மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "வழி தெரியுமா மாப்ள அதுக்கு?"

"தெரியும் மச்சான். அதுதானே என்னைக் கூட்டிட்டு வந்துச்சு."

என் ஸ்வெட்டர் அதிலேயே போய்விட்டது.

வண்டி வந்து சேர்ந்துவிட்டதாகக் காசிம் பாய் போனில் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில்தான் போய் நின்றதாம். கதவு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு மூன்று தரம் ஆரன் அடித்ததாம். காலையில் பாய் மூட்டைகளை ஏற்றியிருக்கிறார். தானாகக் கிளம்பி, மார்க்கெட் போய், தானாகத் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்ததும் மறுபடி வாசலில் நின்று ஆரன். தினமும் இப்படித்தான் நடக்கிறதாம்.

"அடுத்த பஸ்ஸுக்கு நாங்க வந்துர்றோம் பாய்."

"வாங்க. உங்க வீடு, வேணாம்னு நான் சொல்ல முடியுமா? ஆனா உங்களைப் பார்த்தா அது சந்தோஷத்துல நின்னுடும். இத்தனை தோட்டத்துக்கும் இப்ப அது ஒண்ணுதான்."

நாங்கள் போகவில்லை. போகாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. ரெமி மச்சான் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். மாலையில் வாசலில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மலையில் இப்போது என்ன நடக்கும் என்று நானும் ஜெசிந்தாவும் பேசுவோம். கேரட் கழுவுகிற தண்ணீர் கையில் பட்டால் விறைக்குமே, அதைக்கூடப் பேசுவோம். ஆச்சரியத்துக்கு ஒன்றுமில்லை, மச்சானின் லாரி மறுபடியும் கொதிக்காமல் ஓடத் தொடங்கியது.

ஒரு நாள் நான் பாயோடு பேசிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா போனை வாங்கினாள். "அண்ணே, போனைக் கொஞ்சம் பானெட் மேல வைங்களேன்."

பாய் வைத்தார். வண்டி வாசலில் நின்று மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா போனை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் இன்ஜின் ஒரு முறை சீறி அடங்கியது. அவள் அழுதாள். நானும் அழுதேன். எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

பாய் போனை எடுத்து, டேங்க் நிறைய டீசல் போட்டிருப்பதாகச் சொன்னார். மேலே இந்த வருடம் பனி சீக்கிரமே நின்றுவிட்டது என்றும் சொன்னார்.

மாசியில் உப்பளத்து வேலை தொடங்கியது. நானும் போனேன். முதல் நாள் காலையில் பாத்திகளில் உப்போடு, மலையில் நின்றுபோன உறைபனியும் விழுந்திருந்தது. வேலையாட்கள் அதையும் சேர்த்தே வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் உப்பு வாருகிற பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். நான் நின்ற பாத்தியில் உப்பைவிடப் பனிதான் அதிகமாக இருந்தது. வாரினேன்.